நாய்க்கு வீட்டிலேயே சிக்கன் ஜெர்க்கி: மொட்டை மாடி வெயிலில் காயவைக்கலாமா?

பெரம்பூர்க்காரி · சனி, இரவு 9.40

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறான். பெயர் பூரி. மூன்று வயது, 11 கிலோ. தெருவில் கிடைத்தபோது வயிறு மட்டும் உப்பிக்கொண்டு இருந்ததால் வந்த பெயர். பூச்சி மருந்து கொடுத்ததும் வயிறு இறங்கிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

போன மாதம் ஒரு கடையில் மெத்தென்று இருக்கும் சிக்கன் ஜெர்க்கி, அதாவது நாய்க்கான உலர்த்திய கறித் துண்டு, ஒரு பாக்கெட் வாங்கினேன். 70 கிராம், 199 ரூபாய். நகம் வெட்டும்போது கையில் ஒன்றைக் காட்டினால் போதும், சிலை மாதிரி நிற்பான். அந்தச் சந்தோஷத்தில் தாராளமாகவே கொடுத்துவிட்டேன், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துண்டு. நான்காம் நாள் வாந்தி, பேதி. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. டாக்டர் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்தார். நல்லவேளை, எல்லாம் சரியாக இருந்தது. ட்ரீட்டை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன், இரண்டு நாளில் தேறிவிட்டான். அப்புறம்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன்: சிக்கன், கிளிசரின், சர்க்கரை, மாவுச்சத்து, உப்பு, நிறமி. ஏதோ மிட்டாய் பாக்கெட் மாதிரி இருக்கிறது.

இப்போது நகம் மறுபடி வளர்ந்துவிட்டது, தரையில் டக் டக் என்று நடக்கிறான். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். மாமியார் காரைக்குடிப் பக்கம். "எனக்கு உப்புக்கண்டம் போடத் தெரியாதா? உப்பு, மிளகாய், பூண்டு எதுவும் இல்லாமல் கறியைக் கீறி மாடியில் கட்டு. மூணு நாள் வெயிலில் தக்கையாகிடும்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

மாம்பலம் தாத்தா · இரவு 10.02

எங்கள் வீட்டில் ஒரு நாய் மீந்த சாதம், மோர், எப்போதாவது ஒரு முட்டை என்று பதினான்கு வருஷம் இருந்தது. ஜெர்க்கியாம்! தயிர்சாதம் போடம்மா.

சிப்பிப்பாறை வீடு · இரவு 10.15

தாத்தா, ஒரு கையில் நகவெட்டி, இன்னொரு கையில் தயிர்சாதம் என்று எப்படி உட்காருவது?

அக்கா, மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நான் செய்து பார்த்தவன். கொட்டிவாக்கம், கடலிலிருந்து நாலு தெரு உள்ளே. கத்திரி வெயில், மாடித் தரையில் கால் வைக்க முடியாத நாள். இரண்டு கிலோ நெஞ்சுக்கறியை விரல் தடிமனில் கீறி, கொடிக்கயிற்றில் கோத்து, மேலே கொசுவலை போட்டேன். மத்தியானம் வரை எல்லாம் ஜோர். கடற்காற்று எழுந்ததும் கறியின் மேல் ஒரு பிசுபிசுப்பு வந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வெளியே தோல் மாதிரி இறுகியிருக்கிறது, வளைத்தால் உள்ளே இன்னும் ரோஸ் நிறம். நாளைக்கு மிச்சம் காய்ந்துவிடும் என்று சமையலறையில் மூடி வைத்தேன்.

காலையில் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. துண்டுகளைத் திருப்பினால் அடிப்பக்கம் ரவையைத் தூவியது மாதிரி வெள்ளையாக ஏதோ. ஈ முட்டை. வலை கறியைத் தொட்ட இடத்தில் எல்லாம் ஈ வெளியே உட்கார்ந்தே வேலையை முடித்திருக்கிறது. இரண்டு கிலோவும் குப்பைக்குப் போனது. எங்கள் சிப்பிப்பாறை ஒரு மணி நேரம் குப்பைத்தொட்டி பக்கத்திலேயே துக்கம் காத்தான்.

வேப்பேரிப் பழசு · இரவு 11.10

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள், இப்போது வேறு ஊரில் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உப்புக்கண்டத்தைக் கெடாமல் காப்பது வெயில் மட்டும் இல்லை, முக்கியமாக உப்பு. கறியில் இருக்கும் நீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் உப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்தக் காவல் இருப்பதால்தான் வெயில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஆற அமர வேலை செய்ய முடிகிறது. கருவாட்டுக்கும் இதே கதைதான். நாய்க்காக உப்பை எடுத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். அந்த இடத்துக்குச் சூடு வந்தாகவேண்டும். வெயில் சூடு அதற்குப் போதாது. உணவில் கிருமி பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. சால்மொனெல்லாவுக்கு நம் உடம்புச் சூடான 37 டிகிரி என்றால் கொண்டாட்டம். சென்னை மே மாதம் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு.

சரி, உணவை உலர்த்தும் மெஷினில் 60 டிகிரியில் காயவைத்தால்? அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. பச்சைக் கறியும் காயும்போது அப்படித்தான்: மெஷின் 60 காட்டும், கறி அதற்கு வெகு கீழே இருக்கும். ஈரமெல்லாம் போய்க் கறி சூடேறுவதற்குள் கிருமியும் கூடவே காய்ந்துவிடும். காய்ந்த கிருமி சூட்டை நன்றாகவே தாங்கும். அதனால்தான் அமெரிக்க விவசாயத் துறை ஜெர்க்கிக்கு ஒரு வரிசை சொல்கிறது: கறி ஈரமாக இருக்கும்போதே முதலில் வேகவைத்து, கோழி என்றால் உள்ளே 74 டிகிரி, ஆடு மாடு என்றால் 71 டிகிரி தொடவேண்டும். உலர்த்துவது அதற்குப் பிறகு, 54 முதல் 60 டிகிரியில். மனிதர்கள் தின்னும் ஜெர்க்கிக்குச் சொன்னதுதான், ஆனால் கிருமிக்கு யார் தின்னப்போகிறார்கள் என்று தெரியாது. நாயின் வயிறு கல்லையும் கரைக்கும் என்பார்கள். இருக்கலாம். சில நாய்கள் ஒரு அறிகுறியும் காட்டாமல் சால்மொனெல்லாவை மலத்தில் வெளியேற்றிக்கொண்டு இருக்கும், வீட்டில் தவழும் குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் டாக்டர் சிறுநீரைப் பார்த்ததற்கும் காரணம் இருக்கும். 2007 முதல் அமெரிக்காவில் ஜெர்க்கி தின்ற நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் குவிந்தன. கோழி, வாத்து, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஜெர்க்கிகள், பல சீனாவிலிருந்து இறக்குமதியானவை. 2015 கடைசிக்குள் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்குச் சுமார் 5,200 புகார்கள். அவற்றில் 6,200க்கும் மேற்பட்ட நாய்கள், 1,140க்கும் மேற்பட்ட மரணங்கள். பெரும்பாலும் வயிறு, ஈரல் தொந்தரவுகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுநீரகம், சிறுநீர் சம்பந்தமானவை. அதில் ஃபான்கோனி என்று ஒரு கோளாறு: ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும், ஆனால் சிறுநீரில் சர்க்கரை ஒழுகும். நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும். 2013 ஜனவரியில் நியூயார்க் மாநில ஆய்வகம் சில பாக்கெட்டுகளில் ஆன்டிபயாட்டிக் மிச்சங்களைக் கண்டுபிடித்து அவை கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனால் நாய்களை நோயாக்கியது அதுதான் என்று நிரூபணமாகவில்லை. இத்தனை வருஷம் தேடியும் எஃப்டிஏ ஒரே காரணம் என்று எதையும் கைகாட்டவில்லை.

இதைப் படித்துப் பதற வேண்டாம். பூரிக்கு அது இல்லை என்றுதான் பரிசோதனை சொல்லிவிட்டதே. ஜெர்க்கி கொடுத்த நாய் திடீரென்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பெரம்பூர்க்காரி · இரவு 11.32

மண்பானை விஷயத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பெரிய ஒப்புதல்.

74 டிகிரியை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது? தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சாறெல்லாம் இறங்கிவிடாதா?

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட் · ஞாயிறு, அதிகாலை 2.50

இட்லிப் பானை.

டைப் பண்ணும்போதே சிரிப்பு வருகிறது, ஆனால் இரண்டு வருஷமாக அதில்தான் செய்கிறேன். என் லாப்ரடார் நாய் ராணி, 30 கிலோ, திருட்டில் முனைவர் பட்டம்.

கறிக்கடை பாயிடம் தோல் நீக்கின போன்லெஸ் நெஞ்சுக்கறி கேளுங்கள். கொழுப்பை ஒட்ட வெட்டி எடுத்துவிடவேண்டும். வெள்ளையாக ஓரத்தில் இருக்கிறதே, அது காயவே காயாது, நாலு நாளில் காறல் வாடை அடிக்கும். அப்புறம் ப்ரீசரில் முக்கால் மணி நேரம். கல்லாகக் கூடாது, கத்தி இறங்கும்போது சோப்புக்கட்டியை அறுப்பது மாதிரி இருக்கவேண்டும். அப்போதுதான் 4 மில்லிமீட்டரில் சீராக வரும். கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் ஜவ்வாக இழுக்கும், குறுக்கே வெட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். ராணி மெல்லாமல் விழுங்குகிறவள் என்பதால் அவளுக்குக் குறுக்கு வெட்டுதான்.

இட்லித் துணி மேல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நல்ல ஆவி வந்த பிறகு 10 நிமிஷம். ஆவி 100 டிகிரி, துண்டு மெல்லிசு, 74ஐத் தாராளமாகத் தாண்டிவிடும். சந்தேகம் இருந்தால் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தடியான துண்டில் குத்துங்கள். பானையின் அடியில் இறங்கும் கறித்தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ராணி சாதத்துக்கு அதுதான் ரசம்.

வெந்த துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்து ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) கம்பி வலை மேல். ட்ரேயில் வைத்தால் அடி வேகும், காயாது. விசிறி ஓடும் ஓடிஜியாக இருந்தால் நல்லது. என்னுடையதில் 70 டிகிரிக்குக் கீழே முள் போகாது, அதனால் 70. கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரல் அகலம் திறந்து வைப்பேன், ஈரம் வெளியேற வழி வேண்டுமே. வெயில் காலத்தில் நாலரை மணி நேரம். நவம்பர் மழையில் ஏழு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. நடுவில் ஒருமுறை திருப்பிப் போடவேண்டும். ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் கவனம், சிலவற்றில் குறைந்தபட்சமே 80. ஓரம் கருகும், நடு ஈரமாக இருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று சூட்டோடு பார்க்காதீர்கள், சூட்டில் எல்லாமே வளையும். ஆறவிட்டு வளையுங்கள். கடை ஜெர்க்கிக்கு வெடிப்பு விட்டால் போதும் என்பார்கள். உப்பு இல்லாத நம் சரக்குக்கு, இந்த ஊர்க் காற்றுக்கு, அது போதாது. நான் அப்பளம் மாதிரி படக்கென்று ஒடியும் வரை விடுவேன்.

கூனி கருவாடு · ஞாயிறு, காலை 8.12

காசிமேட்டில் வீடு. எங்கள் தெரு நாய்களுக்குக் கருவாடு என்றால் உயிர். அதுவே இயற்கையான ஜெர்க்கிதானே? அப்புறம் ஜெர்க்கியில் மணத்துக்குக் கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள் போடலாமா? கோழி ஈரலிலும் செய்யலாமா?

வேப்பேரிப் பழசு · ஞாயிறு, காலை 9.30

கருவாட்டில் மீனைவிட உப்பு பேசுகிறது. வேண்டாம். அதே நெத்தலியைப் பச்சையாக வாங்கி, ஆவியில் வேகவைத்து, ஓஎம்ஆர் சொன்ன மாதிரி உலர்த்துங்கள். பிரமாதமான ட்ரீட், நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

பூண்டு, வெங்காயம் இரண்டும் கூடவே கூடாது. பச்சையோ வெந்ததோ பொடியோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளிறி நிற்கும். மஞ்சள் ஒரு சிட்டிகை கெடுதல் இல்லை, ஆனால் அதைப் போட்டதால் கெடாது என்று நம்பிவிடாதீர்கள். ஈரல் செய்யலாம், நாய்க்கு அது லாட்டரி. ஆனால் வைட்டமின் ஏ அதிகம், அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சுண்டுவிரல் நகம் அளவுத் துணுக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான்.

அண்ணாநகர் ஹோம்மேட் · ஞாயிறு, காலை 11.05

எதற்கு இவ்வளவு சிரமம்? நாங்கள் வீட்டிலேயே தயாரிக்கிறோம். 100% சிக்கன், உப்பு இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை, மெத்தென்று இருக்கும், வெளியிலேயே ஆறு மாதம் கெடாது. தொடர்புக்கு: [எண் நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

வேப்பேரிப் பழசு · ஞாயிறு, காலை 11.20

சண்டைக்காகக் கேட்கவில்லை. உப்பு இல்லை, கிளிசரின் இல்லை, ஆனால் மெத்தென்று இருக்கிறது, வெளியே ஆறு மாதம் வருகிறது என்றால் உள்ளே இருக்கும் ஈரத்தை எது கட்டிவைத்திருக்கிறது? நீர்ச்செயல்பாடு, அதாவது கிருமிக்குக் கிடைக்கும் ஈரம் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை காட்டும் அளவு, அளந்தீர்களா? 0.85க்குக் கீழே வந்தால்தான் நோய்க்கிருமிகள் அடங்கும். பூஞ்சை முழுதும் அடங்க 0.60 வரை போகவேண்டும்.

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட் · ஞாயிறு, மாலை 6.40

ஏழு மணி நேரமாகப் பதில் இல்லை. அளந்துகொண்டு இருக்கிறார் போல.

சிப்பிப்பாறை வீடு · ஞாயிறு, இரவு 8.00

எல்லாருக்கும் இட்லிப் பானையோடு உட்கார நேரம் இருக்காது. கடையில் வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கவேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

வேப்பேரிப் பழசு · ஞாயிறு, இரவு 9.15

நான் பாக்கெட்டைத் திருப்பித்தான் வாங்குவேன், முன்பக்கம் படம் மட்டும்தான். பொருள் பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிம்மதி: கோழி, அதோடு முடிந்தால் சந்தோஷம். மெத்தென்று இருந்தால் கிளிசரின் அல்லது சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிசரின் விஷம் இல்லை, ஆனால் இறைச்சியின் விலைக்கு அதை வாங்குவானேன்? சிவப்பு நிறம் நமக்காகப் போட்டது, நாய்க்குச் சிவப்பே சரியாகத் தெரியாது. பேட்ச் எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி மூன்றும் இல்லாத பாக்கெட்டைக் கையால்கூடத் தொடமாட்டேன். எடை போட்டு உதிரியாக விற்கும் ஜாடிச் சரக்கும் அதே கணக்குதான். வாங்கின பிறகு பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இனி பூரி விஷயம். ஒரு நாளைக்கு ஏழெட்டு என்று படித்தபோதே எழுத நினைத்தேன். ட்ரீட் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 11 கிலோ, கருத்தடை ஆன நாய் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 680 கலோரி. அதில் பத்தில் ஒன்று 68. காய்ந்த கோழி கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. ஆக 16, 17 கிராம். ராணிக்கு 35 கிராம். காயும்போது தண்ணீர்தான் போகிறது, கலோரி போவதில்லை. கைக்கு லேசாக இருப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். சிறுநீரக நோய் இருக்கும் நாய்க்கு இவ்வளவு புரதம் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கோழி ஒவ்வாமல் சொறிந்துகொண்டே இருக்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு நெத்தலி இருக்கிறது.

பெரம்பூர்க்காரி · அடுத்த ஞாயிறு, இரவு 9.05

செய்துவிட்டேன். கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

போன்லெஸ் ஒரு கிலோ, 380 ரூபாய். கொழுப்பும் சவ்வும் எடுத்த பிறகு 940 கிராம். ஆவியில் இருந்து இறக்கியதும் 710. ஓடிஜியில் 70 டிகிரி, ஐந்து மணி நேரம். கடைசியில் தராசில் 255 கிராம். ஒரு கிலோ கறி ஒரு சின்ன ஊறுகாய் ஜாடிக்குள் போய்விட்டது, பார்க்கும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது. கடை பாக்கெட் விலைக்கு இது 725 ரூபாய்ச் சரக்கு, மின்சாரம் போக எனக்கு லாபம்தான்.

ஒரு தப்பு செய்தேன். ப்ரீசரில் வைக்கப் பொறுமை இல்லாமல் கடைசி நாலைந்து துண்டை அப்படியே வெட்டினேன், ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெல்லிசு. மெல்லிசுப் பக்கம் கண்ணாடி மாதிரி ஒடிகிறது, தடிப்பக்கம் வளைகிறது. அவற்றை மட்டும் தனியாக இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டேன்.

முதல் துண்டை மாமியார்தான் தின்று பார்த்தார். ஒரு நிமிஷம் மென்றுவிட்டு "பக்குவம் சரி, உப்பு போதலை" என்றார். இரண்டாவது துண்டு பூரிக்கு. நான்கு கால் நகமும் வெட்டியாகிவிட்டது, மூன்று துண்டு செலவு, 5 கிராம்கூட வராது. எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள். இப்போதைக்குச் சமையலறை அலமாரியில் மூடி வைத்திருக்கிறேன்.

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட் · இரவு 9.20

அலமாரியா? இப்போதே எடுங்கள். முழுக்க ஆறிவிட்டதா பாருங்கள், சூட்டோடு மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்க்கும், அந்த ஒரு சொட்டு போதும். ஒரு வாரத்துக்கானது காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில், மிச்சம் சின்னச் சின்ன ஜிப் கவரில் ப்ரீசரில். வெளியே எடுத்த கவரைக் குளிர் விட்ட பிறகுதான் திறக்கவேண்டும். புள்ளியாகப் பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போடுவது கிடையாது, டப்பா முழுக்கக் குப்பை.

மாம்பலம் தாத்தா · இரவு 9.48

எல்லாம் படித்தேன். அந்த இட்லிப் பானையில் நாளைக்கு இட்லியும் வேகுமா?

பெரம்பூர்க்காரி · இரவு 9.55

பூரிக்குத் தனி இட்லித் தட்டு, தனித் துணி வாங்கியாகிவிட்டது தாத்தா. பானை மட்டும் ஒன்று.

மாம்பலம் தாத்தா · இரவு 9.57

பானையும் ஒன்று வாங்கிவிடு.